நாடா அறுந்த கவுன்

தையலக்காவுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முகம் இல்லை, அளவு. விசா மெடிக்கல் எடுக்கும் அந்த மையத்துக்குள் புதன்கிழமை காலை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோதும் அப்படித்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்குத் தோள் பதினாலு, கை நீளம் சற்றே கூடுதல். ரத்தம் எடுக்கிறவருக்கு இடுப்பு முப்பத்தாறு, ஆனால் முப்பத்திரண்டில் கால்சட்டை போட்டுக்கொண்டு மூச்சுப் பிடித்து நின்றார். பாவம், குனிந்தால் பின்பக்கத் தையல் விட்டுவிடும் என்று அக்காவுக்கு அவர் மேல் இரக்கமே வந்துவிட்டது.

அவளுக்கு உண்மையில் வேறு கவலை இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாலு வருஷமாகப் போனில் குடித்தனம். இப்போதுதான் குடும்ப விசாவுக்கு வழி பிறந்திருக்கிறது. மெடிக்கல் ரிசல்ட் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விசா ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் பைல் மூடப்படும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கணும், அது இன்னொரு ஒன்றரை வருஷம். மனுஷன் அங்கே ஜன்னலுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார். "ரெடிமேட் திரை எல்லாம் வாங்கிடாதீங்க, நான் வந்து மாட்டுறேன்"னு இவள்தான் உத்தரவு போட்டிருந்தாள். ஜன்னலை அளக்கச் சொல்லி, அவர் தப்பாக அளக்க, திட்டி மறுபடி அளக்கச் சொல்லி, திரையும் தைத்து முடித்து, அது பெட்டிக்குள் மடித்துக் கிடந்து மூன்று மாதம் ஆகிறது. பார்க்காத வீட்டுக்குத் திரை தயார்.

உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். கண்ணாடி போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். "எப்பவாவது ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்களா?" "விரல்ல மெஷின் ஊசி ஏறி ஒரு தடவை. ஆனா படுக்கல, உக்காந்தே தையல் போட்டாங்க." நர்ஸ் இடுப்பைச் சுற்றி டேப் போட்டு ஒரு எண்ணைச் சொன்னாள். தையலக்கா கைப்பையிலிருந்து தன் டேப்பை எடுத்துவிட்டாள்.

"இந்த டேப் இழுத்து இழுத்து நீண்டு போச்சும்மா. அரை இஞ்ச் கொள்ளையடிக்குது. என் டேப்புல பாருங்க."

"அக்கா, இடுப்பைக் கொறைச்சுக் காட்டினா நல்லதுதானே?"

"நல்லதோ கெட்டதோ, அளவு அளவுதான்!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே சரியான எண்ணை எழுதினாள்.

கடைசியில் எக்ஸ்ரே. அறைக்கு வெளியே சட்டை மாற்ற ஒரு தடுப்பு, திரை போட்டது. உள்ளே ஆறு கொக்கி, ஆறு வெளிர்நீலக் கவுன். மாலையில் துவைத்துக் காலையில் அதே கொக்கிகளில் திரும்ப மாட்டுவார்களாம். மாட்டுகிறவர்கள் நாடா இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஐந்து கவுனில் நாடாவே இல்லை. ஆறாவதில் இருந்தது, ஒரே ஒரு நூலில் உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

வேறு யாராவதென்றால் கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். தையலக்காவால் முடியுமா? தொங்குகிற நாடா அவளைப் பார்த்து அழுகிற குழந்தை மாதிரி. கைப்பையில் நூல்கண்டும், காகிதத்தில் சுருட்டிய அந்த வளைந்த ஊசியும் எப்போதும் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அவள் கட்டைவிரல் தள்ளித் தள்ளி நடுவில் வளைந்துபோன ஊசி அது. முனை ஒருமுறை ஒடிந்து, உரசிக் கூராக்கியது. வேறு யார் கையிலும் அது தைக்காது, அவள் கையில் ஓடும்.

நாலே குத்து, ஒரு பின்தையல், முடிச்சு. நாடா இனி அந்தக் கவுன் கிழியும் வரை கழன்று வராது. கவுனைப் போட்டு நாடாவைக் கட்டிப் பார்த்தாள். கச்சிதம். வேலை முடிந்த கையோடு வழக்கப்படி ஊசியை இடது நெஞ்சுப் பக்கம், மடித்துத் தைத்த கழுத்துப் பட்டைக்குள் படுக்கப் போட்டுச் செருகினாள். யாரையும் குத்தாது, அவ்வளவு பதவிசாக.

"அடுத்தவங்க!" என்று உள்ளேயிருந்து குரல்.

படம் எடுக்கிற தம்பி அதிகம் பேசுகிற ரகம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடமாகக் கேட்டான். "செயின், தோடு, ஹேர்பின்?"

"எல்லாம் பையில இருக்கு."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

"வீட்டுக்காரர் நாலு வருஷமா துறைமுகத்துல இருக்காரு தம்பி. போன்ல அந்த வசதி இன்னும் வரல."

தம்பிக்குக் காது சிவந்துவிட்டது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றான். பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றாள். ஒரு சத்தம், முடிந்தது. அவன் வேலை படம் எடுப்பது. அதைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் வேறெங்கோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்ப்பார். கவுனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு தையலக்கா வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை கடையில் ஊசியைக் காணோம். மெஷினுக்கு அடியில் பார்த்தாள், பட்டன் டப்பாவைக் கொட்டிப் பார்த்தாள், துண்டுத் துணி மூட்டையைக் காந்தத்தால் தடவிப் பார்த்தாள். வேறு ஊசியில் ஹெம்மிங் போட்டால் செருப்பு மாறிப் போட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. மெடிக்கல் மையம்.

"உங்க எக்ஸ்ரேல இடது நெஞ்சுல ஒரு கூர்மையான உலோகப் பொருள் தெரியுதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு மேடம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க, திரும்ப எடுக்கணும்."

தையலக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது. வேலை மும்முரத்தில் ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வது அவளுக்கு இன்னொரு பழக்கம். ஊசியைக் காணோம், நெஞ்சில் ஊசி. இரண்டையும் சேர்த்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நாத்தனார் அரை மணியில் வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரரின் தங்கை, பஸ் கண்டக்டர். அவள் மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டு வரை கேட்கும்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி! ஊசியை வாயில வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு! கேட்டீங்களா? முழுங்கிட்டீங்க!"

"முழுங்கினா தெரியாதா? தொண்டையில குத்தாதா?"

"உங்க ஊசிதானே, பழகின ஊசி. சத்தமில்லாம இறங்கியிருக்கும்."

"இறங்கினா வயித்துக்குத்தானே போகணும்? நெஞ்சுக்கு ஏன் போச்சு?"

"நடுவழியில இறங்கிடுச்சு போல." கண்டக்டருக்கு எல்லாமே ஸ்டாப்பிங்தான்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தாள். ஊசியைப் பழம் சுற்றிக்கொண்டு போய்விடுமாம். தையலக்கா ஐந்து பழம் சாப்பிட்டாள். ஆறாவது பழத்தை நாத்தனார் உரிக்கும்போது, "இதுக்கு மேல போனா ஊசியைத் தவிர எல்லாம் வந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கிரேனை நிறுத்தினார். பிறகு, "வலிக்குதாடா?" என்றார்.

"இல்லைங்க. ஒண்ணுமே தெரியல."

"மூச்சு?"

"நல்லாத்தான் விடுறேன்."

"அப்ப சரி. நாலு வருஷமா என்னைத் திட்டுறதுக்கு நாக்குல வச்சிருந்த ஊசிதான். ஆள் பக்கத்துல இல்லாததால கீழ இறங்கிடுச்சு."

"அண்ணா, இது சிரிக்கிற நேரமா?" என்று நாத்தனார் போனைப் பிடுங்கினாள். ஆனால் தையலக்கா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் கண் கலங்கியது. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிங்க" என்றாள். அவர், "தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஜன்னலில் ஒட்டிய பேப்பர் மஞ்சளாகிவிட்டது என்று போன வாரம் சொன்னவர், இந்த முறை அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். காத்திருக்கிற நாற்காலிகளில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, நெஞ்சுச் சுற்றளவு நாற்பத்தெட்டுக்குக் குறையாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு நெஞ்சில் கையை வைத்து, முட்டையை அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு என்னண்ணே?" என்று நாத்தனார் கேட்டாள். முன்பின் தெரியாதவரிடம் பேச அவளுக்கு இரண்டு நொடி போதும்.

"நெஞ்சுல என்னவோ இரும்பு இருக்காம்மா. நேத்து எடுத்த படத்துல தெரியுதாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வண்டி மோதி கண்ணாடி உடைஞ்சுது. அப்ப ஏதோ கம்பி உள்ள போயிருக்கும்னு என் சம்சாரம் சொல்றா."

"ஒன்பது வருஷமா தெரியலையா?"

"லோடு ஏத்துறப்ப இடது பக்கம் லேசா வலிக்கும். இப்பதானே காரணம் தெரியுது."

"எங்க அண்ணியும் இரும்புதான். ஊசி முழுங்கிட்டாங்க."

டிரைவர் மரியாதையோடு தையலக்காவைப் பார்த்தார். சகபயணி கிடைத்த மாதிரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

மணி இரண்டான பிறகு முதலில் தையலக்காவைத்தான் கூப்பிட்டார்கள். தடுப்புக்குள் போனாள். ஆறு கொக்கி, ஆறு கவுன். அவளுக்கு அந்தக் கலக்கத்திலும் முகம் மலர்ந்தது. அவள் தைத்த நாடா, இரண்டு துவைப்பு கண்டும் அசையாமல், மூன்றாவது கொக்கியில் அழகாகத் தொங்கியது. தெரியாத இடத்தில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. வேறு எதைப் போடுவாள்? அதையே எடுத்துப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"செயின், தோடு, ஹேர்பின்?"

"ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள இருக்கிறதைத் தவிர."

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இழுத்த மூச்சை அவன் சொன்ன பிறகும் விட மறந்து நின்றாள். அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். "டாக்டரைப் பாருங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் நரைக்கத் தொடங்கிய ஒரு அம்மா. தோள் பதினைந்து, வெள்ளைக் கோட்டு இரண்டு அளவு பெரிது. மேசைக்கு எதிரே அண்ணியும் நாத்தனாரும் ஒரே நாற்காலியில் உட்காராத குறையாக ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"இங்க பாருங்கம்மா, பயப்படாதீங்க. அதே இடத்துல அப்படியே இருக்கு. ரெண்டு நாள்ல நகரவே இல்ல. முழுங்கினதா இருந்தா நகர்ந்திருக்கும். அதனால நெஞ்சு டாக்டர்கிட்ட அனுப்புறேன். ஸ்கேன் எடுத்து, அவர் பார்த்து, கடிதம் குடுத்த பிறகுதான் நான் ரிசல்ட் அனுப்ப முடியும்."

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"மூணு வாரம் ஆகலாம்."

"இன்னைக்கு அஞ்சு மணிதான் டாக்டர் கடைசி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முடியாது என்று தலையை ஆட்டினார். தையலக்காவுக்குப் பெட்டியில் மடித்துக் கிடக்கிற திரை நினைவுக்கு வந்தது. இன்னும் ஒன்றரை வருஷம் மடிப்பிலேயே கிடந்தால் கோடு விழுந்துவிடும், இஸ்திரிக்கும் போகாது என்று ஒரு சம்பந்தமில்லாத யோசனை.

"டாக்டர், அந்தப் படத்தை நான் ஒரு தரம் பார்க்கலாமா? எனக்குள்ள இருக்கிறதை நான் பார்க்கணும்."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பில் சாம்பல் விலா எலும்புகள், வரிசை வரிசையாகக் கொசுவம் வைத்த மாதிரி. அதன் குறுக்கே பளிச்சென்று வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. தையலக்கா குனிந்து பார்த்தாள். ஒரு முனையில் காது. நடுவில், கட்டைவிரலுக்கு இடம்விட்டு ஒரு வளைவு. மறுமுனை உரசிக் கூராக்கியது.

பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடப் போட்டோவில் கண்டுபிடிக்கிற மாதிரி அவள் கத்தினாள்: "ஐயோ, இது என் ஊசி!"

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். உங்க ஊசின்னா, எப்படி உள்ள போச்சு?"

"முழுங்கல டாக்டர்! குத்தி வச்சேன்! புதன்கிழமை நாடாவைத் தைச்சுட்டு இப்படி..." என்று தன் இடது நெஞ்சில் கையை வைத்தவள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். எங்கே குத்தினாள்? சட்டை அப்போது உடம்பில் இல்லையே. உடம்பில் இருந்தது எது?

"கவுன்!" என்றாள்.

நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "அண்ணி, சும்மா இருங்க. ஆஸ்பத்திரி சாமானைத் தொட்டீங்கன்னு எழுதிடப் போறாங்க." ரகசியமாகச் சொன்னதாக அவள் நினைப்பு. வரவேற்பு மேசை வரை கேட்டது.

"எழுதட்டும்டி! வெளிய அந்த மனுஷன் கண்ணாடிக் கம்பின்னு நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரே! டாக்டர், அவரும் நேத்து அந்தக் கவுனைத்தான் போட்டிருப்பாரு. ஆறுல அது ஒண்ணுதான் கட்டும்!"

டாக்டர் இன்னொரு படத்தைத் திறந்தார். டிரைவருடையது. அகலமான விலா எலும்புகள், அதே கறுப்பு, இடது நெஞ்சில் அதே காது, அதே வளைவு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்தார். கோட்டு காற்றில் பறக்கத் தானே தடுப்புக்குள் போய், நாடா உள்ள அந்த ஒரே கவுனை எடுத்து வந்து மேசை மேல் விரித்தார். தையலக்கா கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் தடவினாள். ஒரு இடத்தில் நின்றது விரல். மடிப்பிலிருந்து ஊசி வெளியே வந்தது. இரண்டு துவைப்பில் லேசாகத் துருப் பிடித்திருந்தது, பாவம்.

டாக்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த எக்ஸ்ரே தம்பி, மனப்பாடக் கேள்விகளில் இல்லாத ஒன்றை முதல் முறையாகக் கேட்டான்: "அப்ப இனிமே ஊசியும் கேக்கணுமா டாக்டர்?"

"கேளுப்பா. இப்ப ரெண்டு பேருக்கும் திரும்ப எடு. கவுனை நானே தடவிப் பார்த்துத் தர்றேன்."

மூன்றாவது முறை நாடா இல்லாத கவுனில், முதுகை நாத்தனார் பிடித்துக்கொள்ள அறை வரை போய், தையலக்கா பலகையை ஒட்டி நின்றாள். படம் சுத்தம். டிரைவருக்கும் சுத்தம். "கம்பி இல்லையா?" என்று அவர் ஒருமாதிரி ஏமாற்றத்தோடு கேட்டார். "அப்ப இந்த வலி?" "லோடைக் குனிஞ்சு தூக்காதீங்க, உக்காந்து தூக்குங்க" என்றார் டாக்டர். டிரைவர் சம்சாரத்துக்குப் போன் போட வெளியே ஓடினார்.

ஆனாலும் படம் பார்க்கிற டாக்டர் கையெழுத்து வேண்டும். மணி மூன்று. இங்கிருந்து டாக்டரம்மா போன் போட்டார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். நாத்தனார் சுவர்க் கடிகாரத்தின் கீழே போய், தாமதமாக வரும் பஸ்ஸை முறைக்கிற மாதிரி முறைத்துக்கொண்டு நின்றாள்.

தையலக்காவால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. "அந்த அஞ்சு கவுனையும் குடுங்க" என்றாள். வரவேற்புப் பெண் எங்கிருந்தோ கட்டுத்துணிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தாள், நாடாவுக்கு. காத்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, துருவைத் துணியில் துடைத்துவிட்டு, தையலக்கா தைக்க ஆரம்பித்தாள். முதல் கவுன் முடியும்போது மூன்றரை. இரண்டாவது முடியும்போது அந்தப் பக்கத்து டாக்டர் போனை எடுத்தார். ஊசிக் கதையை டாக்டரம்மா சொல்லச் சொல்ல, போனுக்குள் அவர் சிரிப்பது தையலக்காவுக்கே கேட்டது. சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடட்டும் என்று பல்லால் நூலைக் கடித்தாள்.

நாலாவது கவுனில் முடிச்சுப் போடும்போது நாத்தனார் கடிகாரத்திலிருந்து திரும்பினாள். "நாலு நாற்பது அண்ணி!"

ஐந்தாவதில் தையலக்கா இரண்டு குத்துதான் போட்டிருப்பாள். டாக்டர் அறைக்கதவு திறந்தது. "போயாச்சும்மா. ரெண்டு பேரோடதும் போயாச்சு."

நாத்தனார் கட்டிப்பிடித்த வேகத்தில் தையலக்காவுக்கு மூச்சு முட்டியது. "இரு இரு, ஊசி இருக்கு கையில!" வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். கிரேன் மேலே இருந்தார் போல, காற்றுச் சத்தம்.

"போயாச்சுங்க. எல்லாம் சுத்தமாம்."

காற்றுக்கு மேல் அவர் கத்தினார்: "அப்ப நான் பேப்பரைக் கிழிச்சுடட்டுமா?"

"நான் வந்த பிறகு கிழிங்க! ஊரே பார்க்கவா?"

ஐந்தாவது கவுனை முடித்தாள். ஆறு கவுனையும் கொக்கிகளில் மாட்டி, நாடாக்களை ஒரே நீளத்தில் தொங்கவிட்டு, ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். டாக்டரம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? ஊசியைக் காட்டிட்டுப் போங்க."

தையலக்கா கையை விரித்தாள், இல்லை. கைப்பையைத் திறந்தாள், இல்லை. நூல்கண்டில் பார்த்தாள், நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். எக்ஸ்ரே தம்பி முகம் வெளுத்து ஆறு கவுனையும் ஒவ்வொன்றாகத் தடவத் தொடங்கினான்.

நாத்தனார் இரண்டு விரலை நீட்டி, அண்ணியின் சட்டையில் இடது நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.